மூங்கில் தூணின் எடை

தியாகதுருகம்
19-1-2026

கவியரசன் அவர்களுக்கு,

தேவிப்ரியா எழுதுகிறேன். என் பெயரைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் முகவரியைக் கலையரசியிடம் வாங்கினேன். கருணாபுரத்தில் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நிற்கவைத்த பிறகுதான் கொடுத்தார். "எங்க வூட்டுக்காரரு வெள்ளிமலையில பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கம்பி கட்டிக்கினு இருக்காரு. இரும்பை உருக்கி ஊத்தற கை அது. நீங்களே பாத்துக்கோங்க மேடம்" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் செய்து விற்ற மில்லிங் மிசினில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சின்னதுரைக்கு வலது கண் போய்விட்டது. இனி வராது என்று டாக்டர்கள் நவம்பர் கடைசியிலேயே சொல்லிவிட்டார்கள். இரும்பைச் சீவும்போது மிசினின் தூண் அதிர்ந்திருக்கிறது. அதிர்ந்ததில் டூலின் முனையில் இருந்த டிப் உடைந்து தெறித்திருக்கிறது. இது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். தூண் ஏன் அதிர்ந்தது என்பதில்தான் வழக்கு நிற்கிறது.

முதலாளி சுப்புராயன் போலீசில் கொடுத்திருக்கும் புகாரில், டிராயிங்கில் இல்லாத ஓட்டைகளை, வார்ப்புக்கு அச்சு கட்டும் மோல்டர் கவியரசன் தன் இஷ்டத்துக்குப் போட்டதால் தூண் பலவீனமாகிவிட்டது என்று இருக்கிறது. பிப்ரவரி 17-ம் தேதி தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணை வைத்திருக்கிறார். அன்றைக்கு என்னிடம் கேட்பார்கள். மூங்கிலைப் பார்த்து அந்தத் தூணை வடிவமைத்தவள் நான். உள்ளே கூடாக இருக்கவேண்டும், மூங்கிலின் கணு மாதிரி குறுக்கே தட்டுகள் வரவேண்டும், அடியில் நெருக்கமாகவும் மேலே போகப் போக இடைவெளி விட்டும் வரவேண்டும் என்று வரைந்தேன். வழக்கமான தூணைவிட எடை கம்மி, உறுதி ஜாஸ்தி என்று கணக்குச் சொன்னது.

நீங்கள் ஒவ்வொரு வார்ப்புக்கும் ஒரு நோட்டில் குறிப்பு எழுதுவீர்கள். பச்சை அட்டை போட்ட நோட்டு. அது எனக்கு வேண்டும். மொத்தம் ஐந்து தூண் ஊற்றினோம். ஒன்று கம்பெனியிலேயே நிற்கிறது. ஒன்று சின்னதுரையின் கண்ணை எடுத்துவிட்டது. மற்ற மூன்றும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் முன்னால் தினமும் மூன்று பேர் நிற்கிறார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள் போன் அணைந்தே இருக்கிறது. முடிந்தால் பேசுங்கள்.

தேவிப்ரியா

*

வெள்ளிமலை
23-1-2026

மேடத்துக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தையைத் தேடினேன், காணவில்லை.

போனில் பேச மாட்டேன். நீங்கள் போனில் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் இங்கே வந்து கம்பி கட்டிக்கொண்டிருக்கிறேன். இனி எதுவானாலும் காகிதத்தில் சொல்லுங்கள். காகிதத்துக்குக் காதும் கிடையாது, மறதியும் கிடையாது.

நவம்பர் 24-ம் தேதி முதலாளி அறை உங்களுக்கு நினைவு இருக்கிறதா? நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். முதலாளி டிராயிங்கை விரித்து, "இதுல எங்கடா ஓட்டை இருக்குது? எவன் கேட்டு ஓட்டை போட்ட?" என்றார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் டிராயிங்கைப் பார்த்தீர்கள். அதிலே என்ன தேடினீர்கள்? நீங்கள் வரைந்ததுதானே, மனப்பாடமாகத் தெரியுமே.

நான் "மேடத்தைக் கேட்டுத்தான் போட்டேன்" என்றேன். முதலாளி உங்களைத் திரும்பிப் பார்த்தார். நீங்கள், "இதைப் பற்றிப் பேசினோமான்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்ல சார்" என்று சொன்னீர்கள். அதற்கப்புறம் அந்த அறையில் எனக்கு என்ன வேலை?

எங்கள் தெருவுக்குப் போலீஸ் வண்டி வந்தால் என்ன ஆகும் என்று எலவனாசூர்கோட்டையில் பிறந்த உங்களுக்குத் தெரியாது. விஷச் சாராயத்தில் செத்தவர்களுக்கு வரிசையாகச் சாவுப் பந்தல் போட்ட தெரு அது. அன்றிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டாலே பெண்கள் வாசலுக்கு ஓடி வந்துவிடுவார்கள். என் மேல் புகார் என்றதும் கலையரசிதான் என்னைப் பஸ் ஏற்றிவிட்டாள். ஓடிப்போனவன் என்று இப்போது பெயர் வேறு.

நோட்டு என்னிடம் இருக்கிறது. கொடுக்க மாட்டேன். அதைக் கொடுத்துவிட்டால் என் கையில் என்ன இருக்கும்? நீங்கள் முதலில் ஒன்று செய்யுங்கள். செப்டம்பர் 10-ம் தேதி போனில் என்ன சொன்னீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பிறகு பார்க்கலாம்.

சின்னதுரைக்காக நான் சாப்பிடாமல் இருந்த நாட்களை உங்களுக்குக் கணக்குச் சொல்லப்போவதில்லை.

கவியரசன்

*

தியாகதுருகம்
27-1-2026

கவியரசன்,

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். இந்தத் தாளை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

2025 செப்டம்பர் 10-ம் தேதி காலை பதினொரு மணி வாக்கில் மோல்டர் கவியரசன் எனக்குப் போன் செய்தார். இரண்டாவது தூணுக்கு அச்சு கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஒவ்வொரு கணுவும் மூடிய அறையாக இருப்பதால் உள்ளே கூடு விழுவதற்காக வைக்கும் மண்ணை, ஊற்றி முடித்த பிறகு வெளியே எடுக்க வழியில்லை, பின்பக்கம் நான் கொடுத்திருந்த விரலளவு ஓட்டை போதாது, கணுத் தட்டுகளின் நடுவே கை நுழையும் அளவுக்கு ஓட்டை வைத்தால் மண் முழுதும் வந்துவிடும் என்றார். "செய்யுங்க, நான் டிராயிங்கில் மாத்திடுறேன்" என்று நான் சொன்னேன். மாற்றவில்லை. அன்றைக்கு வேறு வேலை வந்தது, மறந்துபோனேன். நவம்பர் 24-ம் தேதி முதலாளி கேட்டபோது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லை என்று பொய் சொன்னேன்.

தேவிப்ரியா.

ஏன் சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வேலை போய்விடுமே என்று பயந்தேன் என்றால் அது பாதிதான். கோவை கண்காட்சியில் அந்த முதல் மிசினைச் சுற்றிக் கூட்டம் நின்றது. பெரிய கம்பெனிக்காரர்கள் காதை வைத்துக் கேட்டார்கள். சத்தமே இல்லை. "யார் டிசைன்?" என்று கேட்டபோது முதலாளி என் தோளைத் தொட்டுக் காட்டினார். நானும் நீங்களும் மலைக்கு வந்து, இருபத்து மூன்று மூங்கிலுக்குக் கணுவுக்குக் கணு டேப் பிடித்து அளந்தோமே, அந்தக் கணக்கு எல்லாம் ஒரு நிமிஷத்தில் பலித்த மாதிரி இருந்தது. அதைக் கையில் இருந்து நழுவ விட மனசு வரவில்லை. அவ்வளவு அற்பமான காரணம்தான்.

இப்போது என் பயம் வேறு. ஒரு மாதமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நீங்கள் போட்ட ஓட்டைகளால் தூணின் உறுதி குறைந்தது நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. அதற்காக ஒரு தூண் அப்படிக் கத்தாது. உங்கள் மேல் தப்பே இல்லை. அப்படியென்றால் முதல் தூண் ஏன் அவ்வளவு அமைதியாக ஓடியது? அதே மூங்கில், அதே கணு, அதே இரும்பு. எனக்குப் புரியவில்லை. புரியாத வரைக்கும் மற்ற மூன்றையும் எப்படிச் சரிசெய்வது?

இரண்டு பட்டறைக்காரர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது, உளுந்தூர்பேட்டை ரோட்டில் இருப்பது. அந்தப் பட்டறைக்காரர் கேட்கவில்லை. "கரும்பு அரவை நேரம்மா. சுகர் மில் வேலை கையில கீது. உங்க கம்பெனி ஓனரே ஓட்டுன்னு சொல்றாரு, நீ யாரு நிறுத்தச் சொல்ல?" என்றார். அங்கே நிற்பவர் பெயர் வீரமுத்து.

தேவிப்ரியா

*

வெள்ளிமலை
31-1-2026

மேடத்துக்கு,

தாள் கிடைத்தது. மடித்து நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். இது இரண்டு மாதத்துக்கு முன்னால் உங்கள் நாக்கில் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீரமுத்துவை எனக்குத் தெரியும். ஐ.டி.ஐ.யில் என்னோடு படித்தவன். மிசின் கத்தினால் நிறுத்த மாட்டான், பக்கத்தில் போய்க் குனிந்து பார்ப்பான். அவன் பழக்கம் அப்படி. அவனுக்குத் தகவல் சொல்லுங்கள். குனியாதே என்று சொல்லுங்கள். கண்ணாடி போடச் சொல்லுங்கள்.

நாம் அளந்த மூங்கில் புதர் நான் வேலை செய்யும் இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிறது. தினமும் அதைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன். கோபத்தில் பார்க்கிறேன் என்று வையுங்கள். காற்று அடித்தால் ஆடுகிறது. அது சரி. காற்று நின்ற பிறகும் ஆடுகிறது. நான் சோற்றை முடித்துக் கை கழுவி வரும் வரைக்கும் நுனி ஆடிக்கொண்டே இருக்கிறது. மூங்கில் கணு வைத்துக்கொண்டிருப்பது ஒடியாமல் இருப்பதற்கு. ஆடாமல் இருப்பதற்கு இல்லை. மிசின் தூண் ஆடவே கூடாது. நாம் இரண்டு பேரும் டேப்பும் கையுமாக அத்தனை மூங்கிலைக் கட்டிப் பிடித்தோம், ஒன்றையாவது ஆட்டிப் பார்த்தோமா? உங்களைச் சொல்லவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் முதல் தூண் ஏன் ஆடவில்லை என்று கேட்கிறீர்கள்.

இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். முதல் தூணை எடை போட்டார்கள். சீட்டு உங்கள் மேசைக்குத்தான் வந்தது. அதில் எத்தனை கிலோ இருந்தது?

கவியரசன்

*

தியாகதுருகம்
3-2-2026

கவியரசன்,

முந்நூற்று நாற்பத்தொன்று.

டிராயிங்படி முந்நூறு கிலோ வரவேண்டும். நாற்பத்தொரு கிலோ ஜாஸ்தி. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஓடிப்போய்ப் பழைய கோப்பில் தேடி எடுத்தேன். சீட்டின் கீழே என் கையெழுத்து. "சரிபார்த்தேன்" என்று சீல் வேறு.

அன்றைக்கு அந்த எண்ணைப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சுவர் கொஞ்சம் தடிமனாக வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தூணில் அவ்வளவு கூடுமா என்று கேட்டிருக்கவேண்டும். மிசின் சத்தம் போடாமல் ஓடிக்கொண்டிருந்தது. நல்லபடி நடக்கும்போது யார் நோண்டுவார்கள்? அடுத்த நான்கு தூணும் முந்நூற்றிரண்டு, முந்நூற்று மூன்று என்றுதான் வந்தன. அப்போதும் கேட்கவில்லை. எடை குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

மண். முதல் தூணுக்குள் மண் அப்படியே இருக்கிறது. அதிர்வைக் குடித்தது அந்த மண். மூங்கிலும் இல்லை, என் கணக்கும் இல்லை. நான்கு மாதமாக ஊர் முழுக்க மேடை போட்டுப் பேசியது எல்லாம் உள்ளே தங்கிப்போன நாற்பத்தொரு கிலோ மண்ணைப் பற்றித்தான். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

நீங்கள் எடையைக் கேட்டதால் நானும் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உள்ளே மண் இருந்தது உங்களுக்கு அப்போதே தெரியுமா?

இன்னொன்று. வீரமுத்துவிடம் பேசினேன். கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், போட்டுக்கொண்டார். ஆனால் 9-ம் தேதி திங்கட்கிழமையிலிருந்து அந்த மிசினில் கனமான வேலை ஏற்றுகிறார்கள். ஒரே ஓட்டத்தில் நான்கு மில்லிமீட்டர் சீவப்போகிறார்கள். சின்னதுரை அன்றைக்குச் சீவியது மூன்று. முதலாளியிடம் மறுபடி போய் நின்றேன். "மேடம், நீங்க வாயைத் திறந்தா ஆர்டர் மட்டும் இல்ல, கம்பெனியே போயிடும். பதினேழாம் தேதி வரைக்கும் சும்மா கிடங்க" என்றார். பாம்பென்று அடிக்கவும் முடியாமல் பழுதையென்று தாண்டவும் முடியாமல் நிற்கிறேன்.

ஆறு நாள் இருக்கிறது.

தேவிப்ரியா

*

வெள்ளிமலை
5-2-2026

மேடத்துக்கு,

தெரியும்.

நோட்டை இதோடு அனுப்புகிறேன். பஸ் கண்டக்டர் கையில் கொடுத்திருக்கிறேன், தபாலை நம்பி உட்கார நேரம் இல்லை. அறுபத்தொன்றாம் பக்கத்தைப் பாருங்கள். என் கையெழுத்துத்தான்.

அச்சை உடைத்து முதல் தூணை எடுத்ததும் சுத்தியலால் தட்டினேன். நல்ல வார்ப்பு மணி மாதிரி கேட்கும். அது சொத் என்றது. உள்ளே மண் சுட்டுக் கல்லாகிவிட்டது. இரண்டு நாள் கம்பியை விட்டுக் குத்தினேன், கைப்பிடி அளவுகூட வரவில்லை. கண்காட்சிக்கு ஐந்து நாள். முதலாளி, "எப்டியாச்சும் வியாழக்கிழமை வண்டில ஏத்தணும். ஏத்தலன்னா நீ நாளைக்கு வராத" என்றார். ஓட்டைகளுக்குப் புட்டிப் பசை வைத்து மூடிப் பெயிண்ட் அடித்தேன். "மண் வரவில்லை, மூடியாயிற்று" என்று நோட்டில் எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

அப்புறம் சொல்லியிருக்கலாம். கண்காட்சி முடிந்து நீங்கள் பட்டறை முழுக்க ஸ்வீட் கொடுத்து, "இது கவியரசன் கை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். பதிமூன்று வருஷத்தில் என் கையை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? அதற்காகத்தான் இரண்டாவது தூணிலிருந்து மண் ஒரு பொட்டு இல்லாமல் எடுக்கவேண்டும் என்று உங்களிடம் ஓட்டை கேட்டேன். தப்பாகச் செய்தது நன்றாக ஓடியது. ஒழுங்காகச் செய்தது ஒருவன் கண்ணைப் பிடுங்கிவிட்டது. இதை யாரிடம் சொல்லி ஆற்றுவது என்று தெரியாமல்தான் மலை ஏறினேன். போலீஸ் பயம் இரண்டாவதுதான்.

அறுபத்தொன்றாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு அனுப்பலாமா என்று யோசித்தேன். கைகூட வைத்துவிட்டேன். பிறகு விட்டுவிட்டேன். நோட்டு முழுசாக வருகிறது.

வீரமுத்து மிசினுக்கு ஒரு வழி இருக்கிறது. எல்லாத் தட்டிலும் ஓட்டை நேர்க்கோட்டில்தான் போட்டிருக்கிறேன். மேல் மூடியைக் கழற்றிக் காய்ந்த மணலைச் சலித்துக் கொட்டினால் அடிவரைக்கும் போகும். தட்டித் தட்டி நிரப்பவேண்டும், அதை வேறு யாரும் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. நான் இறங்கி வருகிறேன். வீரமுத்துவிடம் சாவி மட்டும் வைத்திருக்கச் சொல்லுங்கள். நீங்கள் வரவேண்டாம். வந்தால் உங்களையும் சேர்த்துப் பேசுவார்கள்.

கவியரசன்

*

தியாகதுருகம்
11-2-2026

கவியரசன்,

வீரமுத்து நேற்று மாலை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து எல்லாம் சொன்னார். நீங்கள் கச்சிராயபாளையத்தில் இறங்கி, ஒரு கரும்பு டிராக்டரில் உட்கார்ந்து வந்ததையும், பட்டறைக்கு எதிரே டீக்கடையில் இரண்டு போலீஸ்காரர்கள் டீ குடித்து முடிக்கும் வரை லாரிக்குப் பின்னால் நின்றதையும் சொன்னார். நாலு மணி நேரம் மரச்சுத்தியலால் தூணைச் சுற்றித் தட்டினீர்களாம். சாப்பிடச் சொன்னதற்கு, "மண்ணு இன்னும் எறங்கிக்கினு இருக்குதுடா" என்றீர்களாம்.

திங்கட்கிழமை காலையில் அவர் முதலில் இரண்டு மில்லி சீவிப் பார்த்திருக்கிறார். பிறகு மூன்று. பிறகு நான்கு. "சொன்னா நம்ப மாட்டீங்க மேடம், மிசினு ஓடுதா நின்னுச்சான்னு கையை வெச்சித்தான் பாக்கணும்" என்றார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

நோட்டு பத்திரமாக வந்தது. அறுபத்தொன்றாம் பக்கத்தைப் படித்தேன். இப்போது என் மேசையில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று என் கையெழுத்துப் போட்ட எடைச் சீட்டு. இன்னொன்று உங்கள் கையெழுத்துப் போட்ட பக்கம். நோட்டு வந்ததும், அதில் மண்ணைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதும் எப்படியோ முதலாளி காதுக்குப் போய்விட்டது. இன்று காலையில் கூப்பிட்டு, ரொம்ப அன்பாக நாற்காலி போட்டு, "அந்தப் பயதான் மண்ணை மறைச்சான்னு அவன் கையாலயே எழுதி வெச்சிருக்கான் இல்ல? அதைக் குடுத்துட்டு நீங்க நிம்மதியா இருங்க மேடம். எடைச் சீட்டு எல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

நீங்கள் எனக்கு முழு நோட்டையும் கொடுத்தீர்கள். அதை நான் என்ன செய்யப்போகிறேன் என்று இப்போது எழுத மாட்டேன். நான் சொல்லும் வார்த்தைக்கு உங்களிடம் மதிப்பு இல்லை என்று தெரியும். பதினேழாம் தேதிக்குப் பிறகு எழுதுகிறேன்.

தேவிப்ரியா

*

எலவனாசூர்கோட்டை
18-2-2026

கவியரசன்,

முடிந்துவிட்டது. வீட்டுக்கு வாருங்கள். உங்கள் பெயர் வழக்கில் இல்லை.

வரிசையாகச் சொல்கிறேன். விசாரணையில் முதலாளி, நான், சின்னதுரை, அவர் பட்டறைக்காரர் எல்லோரும் இருந்தோம். சின்னதுரை கண்ணுக்குப் பஞ்சு வைத்துக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நான் அவர் இருந்த பக்கமே திரும்பவில்லை. முதலாளி பழைய பாட்டையே பாடினார். ஆய்வாளர் என்னைக் கேட்டார். செப்டம்பர் 10-ம் தேதி போனில் நான் அனுமதி கொடுத்ததைச் சொன்னேன். அந்தத் தேதியில் நீங்கள் எழுதியிருந்த குறிப்பைக் காட்டினேன். நவம்பரில் பொய் சொன்னதையும் சொன்னேன். பிறகு எடைச் சீட்டை எடுத்து வைத்தேன். "நாற்பத்தொரு கிலோ கூடுதல் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அந்தத் தூண் அமைதியாக ஓடியதற்குக் காரணம் உள்ளே தங்கிய மண். அது தெரியாமல் என் வடிவமைப்புதான் காரணம் என்று சொல்லி மற்ற நான்கையும் மண் இல்லாமல் செய்ய வைத்தேன்" என்றேன். ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க டிசைன் தப்புன்னு நீங்களே சொல்றீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முதலாளி எழுந்து, "மோல்டரோட நோட்ல இன்னொரு பக்கம் இருக்குது சார், அதைக் காட்டச் சொல்லுங்க" என்று கத்தினார். நான், நோட்டில் வழக்குக்குச் சம்பந்தப்பட்ட பக்கங்களை எல்லாம் கொடுத்துவிட்டேன் என்றேன். ஆய்வாளர் அதற்கு மேல் கேட்கவில்லை. என் வாக்குமூலத்தில், "உள்ளே மண் தங்கியிருந்தது வார்ப்பாளருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். உங்களுக்கு என்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.

மூன்று மிசினையும் கம்பெனி திரும்ப எடுத்துச் சோதிக்கவேண்டும், சின்னதுரைக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. உங்கள் மேல் கொடுத்த புகாரை முதலாளி வாபஸ் வாங்கிவிட்டார். என் மேல் தனியாக நடவடிக்கை வரும். வேலையை நேற்றே விட்டுவிட்டேன், விடாவிட்டாலும் அனுப்பியிருப்பார்கள். அப்பா பேசவில்லை. பெட்டியோடு வந்திறங்கிய என்னை ஊரே பார்த்தது. பரவாயில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நோட்டை இந்தக் கடிதத்தோடு உங்கள் வீட்டுக்கே அனுப்பியிருக்கிறேன். அறுபத்தொன்றாம் பக்கம் அப்படியே இருக்கிறது. ஆய்வாளர் அதைப் பார்க்கவில்லை. இனி அதை நீங்கள் என்ன செய்தாலும் சரி.

தேவிப்ரியா

*

கருணாபுரம், கள்ளக்குறிச்சி
24-2-2026

மேடத்துக்கு,

கலையரசி ஆள் விட்டுச் சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் கடிதத்தைக் கலையரசிதான் முதலில் படித்திருக்கிறாள். "அந்த மேடத்தைப் போயி திட்டிக்கினு இருந்தேனே, சாமி மாதிரி காப்பாத்திக் குடுத்துட்டாங்க" என்று அழுதாள். நான் வாங்கிப் படித்தேன். எடைச் சீட்டை எடுத்து வைத்த இடத்துக்கு வந்தபோது எனக்கும் கண் கலங்கியது. அவ்வளவு பேர் நடுவில் தன் வேலையையே தப்பென்று சொல்வது லேசுப்பட்டதா? உங்கள் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. இதை மனசாரச் சொல்கிறேன்.

அடுத்த பாராவில் வேறு கோபம் வந்துவிட்டது.

வார்ப்பாளருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். பதிமூன்று வருஷமாக மண்ணில் உட்கார்ந்து அச்சு கட்டியவன் நான். தூணை ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லுவேன். அவனுக்குத் தன் வார்ப்புக்குள் நாற்பத்தொரு கிலோ மண் கிடந்தது தெரியாது என்று எழுதி, சர்க்கார் சீலும் வாங்கியாயிற்று. முதலாளி என்னைக் குற்றவாளி ஆக்கினார். நீங்கள் தொழில் தெரியாதவன் ஆக்கிவிட்டீர்கள். இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போன கையை இழுத்துக்கொண்டு, முழுசாக உங்களிடம் கொடுத்தேனே, எதற்கு? அதை மறைத்து வைத்து என்னைக் காப்பாற்றுவீர்கள் என்றா? நவம்பரில் உங்கள் வார்த்தையை மறைத்தீர்கள். இப்போது என் தப்பை மறைத்தீர்கள். முதலாவது பயத்தில் செய்தது, இரண்டாவது நல்ல மனசில் செய்தது, தெரிகிறது. ஆனால் இரண்டு தடவையும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடம் உட்கார்ந்து முடிவு செய்வார், கவியரசன் நின்றுகொண்டு கேட்டுக்கொள்வான். அந்த அறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

நேற்று ஆய்வாளர் ஆபீசுக்குப் போனேன். கலையரசி வாசலில் குறுக்கே நின்றாள். "வந்த போலீசே திரும்பிப் போச்சி, நீயா போயி கூப்பிட்டுக்கினு வரப் போறியா? உனக்கு இன்னா கேடு?" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இருந்தும் போனேன். அறுபத்தொன்றாம் பக்கத்தை விரித்து வைத்தேன். ஆய்வாளர் படித்துவிட்டு, "ஏம்ப்பா, மேடம் உனக்குத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே. இதை வாங்கினா கேசு உன் மேலயும் வருமே" என்றார். "மேடத்துக்கு வார்ப்பு வேலை தெரியாது சார், எனக்குத் தெரியும்" என்றேன். பேனாவைக் கொடுத்தார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் வாக்குமூலத்தில் அந்த ஒரு வரிக்காக உங்களையும் கூப்பிடுவார்கள். இந்தத் தடவை உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் சின்னதுரை வீட்டுக்குப் போனேன். அவரிடம் சொல்லாமல் சர்க்காரிடம் போய்ச் சொல்வது முறையில்லை என்று பட்டது. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்க முடியாத முகத்தை நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் சம்சாரம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது, நான் தொடவில்லை. ஒன்று விடாமல் சொன்னேன். தட்டிப் பார்த்தது, புட்டி வைத்தது, பெயிண்ட் அடித்தது, ஸ்வீட் சாப்பிட்டது, எல்லாம்.

அவர் திட்டுவார் என்று இருந்தேன். திட்டவில்லை. "மத்த மிசினு எல்லாம் நிறுத்தியாச்சா?" என்று கேட்டார். நிறுத்தியாயிற்று என்றேன். தலையை ஆட்டினார்.

நான் எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்தபோது கூப்பிட்டார்.

"மொத மிசினுல மண்ணு மாட்டிக்கிச்சின்னு நீ அப்பவே சொல்லியிருந்தா, எங் கண்ணு இருந்திருக்கும் இல்லப்பா?"

"இருந்திருக்கும்" என்றேன்.

கவியரசன்